ஏசி ரிப்பேர்: எந்தச் செலவைச் செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ளலாம்?

மெக்கானிக் ஒரு தொகையைச் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "இதோட இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிடலாமே" என்பதுதான். சில நேரம் அது சரியான கணக்கு. பல நேரம் 900 ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு 45,000 ரூபாய் போய்விடுகிறது. இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். வருஷா வருஷம் மார்ச் வந்தால் மூவாயிரம் கொடுத்து கேஸ் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். கூட்டிப் பார்த்தால் அரை ஏசி விலை போயிருக்கும், ஏசி மட்டும் சரியாகியிருக்காது.

என் பார்வையில், சொன்ன தொகை பெரிதா சிறிதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: பழுது கேஸ் ஓடும் செப்புப் பாதைக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? வெளியே என்றால் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். உள்ளே என்றால் ஏசியின் வயது, வாரண்டி, கரண்ட் பில் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். யாரைக் கூப்பிடுவது என்பதும் இதைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

இங்கே வரும் விலைகள் சென்னையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிக்குச் சுமாராகப் புழங்குபவை. மற்ற ஊர்களில் கூலி கொஞ்சம் குறையலாம். கத்திரி வெயில் சமயத்தில் எந்த ஊரிலும் கூடும்.

குழாய்க்கு வெளியே இருக்கும் பழுதுகள்

இண்டோரிலிருந்து காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. அவுட்டோரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டு, சில வினாடிகளில் நின்றுவிடுகிறது. கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 'இன்வெர்ட்டர்' வகை அல்லாத பழைய ஏசியில் இந்த அறிகுறி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கெபாசிட்டர். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் சுழலத் தொடங்கவும் தொடர்ந்து ஓடவும் உதவும் சின்ன உருளை அது. வெயிலிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் சீக்கிரம் சோர்ந்துபோகும். பொருள், கூலி எல்லாம் சேர்த்து 600 முதல் 1,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கெபாசிட்டரை மீட்டர் வைத்துப் பார்க்காமலேயே "கம்ப்ரசர் ஜாம்" என்று ஒருவர் சொன்னால், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

ஃபேன் மோட்டார் போனால் 2,000 முதல் 3,500 வரை. வெப்பநிலை சென்சார் சில நூறு ரூபாய். இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகால் குழாயில் அடைப்பு, அல்லது தட்டில் அழுக்கு. வாட்டர் சர்வீஸ் செய்தால் சரியாகிவிடும். 500 முதல் 800 ரூபாய். இதற்கெல்லாம் புது ஏசி பற்றிய பேச்சே தேவையில்லை. ஏசிக்குப் பத்து வயது ஆகியிருந்தாலும் செய்துவிடலாம்.

யோசிக்க வேண்டிய இடம் போர்டு, அதாவது ஏசியை இயக்கும் மின்சுற்றுப் பலகை. பழைய ஏசிகளின் சாதாரண போர்டை இரண்டு, மூவாயிரத்துக்குள் மாற்றிவிடலாம். இன்வெர்ட்டர் ஏசியில் அவுட்டோரில் இருக்கும் போர்டு வேறு ரகம். கம்ப்ரசரின் வேகத்தையே அதுதான் கட்டுப்படுத்துகிறது. கம்பெனியிலிருந்து புதிதாக வாங்கினால் 6,000 முதல் 12,000 வரை போகும். இதைப் பழுதாக்குவது பல நேரம் மின்சாரம்கூட இல்லை, பல்லியும் எறும்பும்தான். சூடு தேடி உள்ளே போகும் பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் போர்டும் போகும், பல்லியும் போகும். 'பூச்சி, பிராணிகளால் ஏற்படும் சேதம்' பல வாரண்டி அட்டைகளில் விலக்கு என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

போர்டு விஷயத்தில் மூன்று வழிகள் உண்டு. வாரண்டி இருந்தால் கம்பெனி, வேறு யோசனையே வேண்டாம். பல கம்பெனிகள் போர்டுக்கு 5 ஆண்டு வரை தருகின்றன. வாரண்டி முடிந்திருந்தால் புது போர்டு, அல்லது பழையதையே பழுது பார்ப்பது. போனது ஒரு ரிலேயோ ஃபியூஸோ என்றால் போர்டு வேலை தெரிந்த கடைகளில் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குச் செய்து தருவார்கள். ஏசிக்கு ஐந்தாறு வயதுக்கு மேல் என்றால் நான் முதலில் இந்த வழியைத்தான் பார்ப்பேன். மூன்று மாத உத்தரவாதத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். போர்டு தீய்ந்து கருத்திருந்தால் மட்டும் பழுது பார்ப்பதில் காசை விட வேண்டாம்.

கேஸ்: அதிகம் ஏமாறும் இடம்

வண்டியில் பெட்ரோல் தீர்வதைப்போல ஏசியில் கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே வெப்பத்தை வாங்கி வெளியே விடுகிறது. எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. அதனால் "ரெண்டு வருஷம் ஆச்சு, கேஸ் குறைஞ்சிருக்கும்" என்ற பேச்சுக்கே பொருள் கிடையாது. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டை இல்லையென்றால் கேஸ் ஏற்றத் தேவையில்லை.

குளிர்ச்சி குறைவதற்கு வேறு காரணங்கள் நிறைய. ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் குளிர்ச்சி குறையும். காயிலில், அதாவது கேஸ் ஓடும் வளைகுழாயில், ஐஸ் கட்டுவதுகூட கேஸ் குறைவால்தான் என்று சொல்ல முடியாது. காற்று சரியாகப் போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். எனவே கேஸ் பேச்சு வந்தால் முதலில் சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு கேஜ் மாட்டி அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழைய வகை கேஸான ஆர்-22 உள்ள ஏசி ஓடும்போது, கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாயில் அழுத்தம் சுமார் 60 முதல் 70 பிஎஸ்ஐ இருக்கும். அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் 110 முதல் 140 வரை. வெளி வெப்பத்தையும், இன்வெர்ட்டர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும். ஆனால் எண்ணைச் சொல்லிக் கேட்கும் வீட்டில் கைவரிசை காட்டுவது குறைவு.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு வழிகள்.

முதல் வழி டாப் அப், அதாவது குறைந்ததை மட்டும் ஏற்றுவது. 1,000 முதல் 1,800 ரூபாய், அரை மணி நேர வேலை. அன்றிரவு ஏசி ஜில்லென்று இருக்கும். ஓட்டை அப்படியே இருப்பதால் சில வாரங்களிலோ அடுத்த கோடையிலோ மறுபடியும் அதே கதைதான். இன்னொன்று, கேஸ் குறைவாக ஓடும் கம்ப்ரசருக்குக் குளிர்ச்சியும் எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. அது சூடேறிச் சூடேறித் தேயும். ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய்ப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளைக் கெடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது வழி ஓட்டையை அடைத்து முழுதாக நிரப்புவது. நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, சோப்பு நுரை வைத்து எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஓட்டை இண்டோரும் குழாயும் சேரும் நட்டில்தான் இருக்கும். மாட்டும்போதே சரியாக முடுக்காத நட். அப்படியென்றால் செலவு குறைவு. அடைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இருபது முப்பது நிமிடமாவது இழுக்க வேண்டும். கடைசியில், அவுட்டோர் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசு வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். ஆர்-32 ஏசிகளில் அது பெரும்பாலும் 700 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்கும். எல்லாம் சேர்த்து 3,000 முதல் 4,500 ரூபாய் ஆகலாம். டாப் அப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான், ஆனாலும் இதுதான் மலிவு.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க ஒரே ஒரு கேள்விதான் என்றால், "வேக்கம் பம்ப்பும் எடை மிஷினும் கொண்டு வருவீங்களா?" என்பதைத்தான் சொல்வேன். இரண்டுமே இல்லாமல் சிலிண்டரை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வருபவர் டாப் அப் மட்டுமே செய்வார்.

எந்த கேஸ் என்பதும் முடிவை மாற்றும். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வகை. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் இந்தியாவில் 2025 ஜனவரி முதல் இதை வைத்துப் புது ஏசி தயாரிப்பது நிறுத்தப்பட்டிருக்கிறது. பழுது பார்க்க இன்னும் கிடைக்கிறது, ஆனால் போகப்போகக் கிடைப்பது குறையும், விலை ஏறும். ஆர்-22 ஏசியில் காயில் ஓட்டை என்றால் நான் அத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை என்பதால், நன்றாகக் கசிந்துவிட்டால் மிச்சத்தை எடுத்துவிட்டு முழுதாக நிரப்புவதே முறை. ஆர்-32 இப்போது பரவலாக வருவது. தனி கேஸ், அளவும் குறைவு. ஆனால் லேசாகத் தீப்பற்றக் கூடியது. கேஸை முழுதாக எடுக்காமல் குழாயில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். ஒன்றுக்கான ஏசியில் இன்னொன்றை ஏற்றுவதும் ஆபத்து. சிலிண்டரில் எழுதியிருப்பதையும் அவுட்டோர் ஸ்டிக்கரையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

காயிலும் கம்ப்ரசரும்

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று அவுட்டோர் காயிலின் அலுமினியத் தகடுகளை அரித்துப் பொடியாக்கிவிடும். கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் சிக்கல் வேறு: சாக்கடையிலிருந்து எழும் கந்தக வாயு செப்பையே அரிக்கும். இப்படிப்பட்ட இடங்களில் காயிலில் ஓர் ஓட்டையை அடைத்தால் அடுத்த சீசனில் பக்கத்திலேயே இன்னொன்று வரும். முதல் ஓட்டையை வெல்டிங் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது ஓட்டைக்கு வெல்டிங் கூலி கொடுப்பது வீண். புது காயில் போட கேஸோடு சேர்த்து 8,000 முதல் 12,000 ஆகும். ஏசிக்கு நான்கு வயதுக்குள் என்றால் போடலாம். ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் வேண்டாம். இடைப்பட்ட வயதில் கம்ப்ரசரின் சத்தம், வாரண்டி, கையிருப்பு மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

கம்ப்ரசருக்கு வருவோம். விளம்பரத்தில் '10 ஆண்டு வாரண்டி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் அது கம்ப்ரசர் என்ற பொருளுக்கு மட்டும்தான். கேஸ், கூலி, போக்குவரத்து எல்லாம் நம் செலவு. 'இலவச' கம்ப்ரசருக்கே 4,000 முதல் 6,000 ரூபாய் கட்டும்போது பலருக்குக் கோபம் வருகிறது. வாங்கும்போதே அட்டையைப் படித்திருந்தால் வராது. அப்படியும் அது நல்ல பேரம்தான், தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

வாரண்டி இல்லையென்றால் சாதாரண கம்ப்ரசர் மாற்ற 12,000 முதல் 16,000, இன்வெர்ட்டர் என்றால் 20,000 வரையும் போகும். மலிவாகச் சொல்பவர் பழைய கம்ப்ரசருக்குப் பெயின்ட் அடித்து மாட்டுபவராக இருக்கலாம். புது கம்ப்ரசருக்குக் கம்பெனி ரசீதும் வரிசை எண்ணும் இருக்கும், அதைக் கேளுங்கள்.

மறுபக்கம், புதியது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர், 3 ஸ்டார் என்றால் 33,000 முதல் 40,000. 5 ஸ்டார் 40,000 முதல் 50,000. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதுவரை 40,000 ரூபாய்க்கு விற்ற ஏசியில் சுமார் 3,000 ரூபாய் குறைய வேண்டிய கணக்கு. ஆனால் கடையில் சொல்லும் விலையோடு செலவு முடிவதில்லை. ஸ்டாண்டு, பொருத்தும் கூலி, கூடுதல் செப்புக் குழாய், பழையதைக் கழற்றும் கூலி என்று இன்னும் 3,000 முதல் 5,000 சேரும். "பழைய குழாயையே போட்டுக்கலாம் சார்" என்பார்கள். பழைய ஏசி ஆர்-22 என்றால் குழாயில் அதன் எண்ணெய் படிந்திருக்கும். அதைவிட அதிக அழுத்தத்தில் ஓடும் புதுக் கேஸுக்கு அந்தக் குழாயை நம்பாமல் இருப்பது நல்லது.

இதில் கரண்ட் கணக்கையும் சேர்த்தால்தான் ஒப்பீடு முழுசாகும். ஸ்டார் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட், வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் வருவது. ஒன்றரை டன்னில் நல்ல 5 ஸ்டார் ஏசி அந்த 1,600 மணி நேரத்துக்குச் சுமார் 750 முதல் 800 யூனிட் எடுக்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய சாதாரண ஏசி 1,150-ஐத் தாண்டும். வித்தியாசம் கிட்டத்தட்ட 400 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 3,200 ரூபாய் மிச்சம். ஈபி கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடுக்கடுக்காக ஏறுவதால், 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் மேல் அடுக்கிலிருந்து கழியும். சென்னையில் பிப்ரவரி கடைசியிலிருந்து அக்டோபர் வரை தினமும் இரவு ஏசி ஓடும் வீடு என்றால் 1,600 மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அதனால் தினமும் ஏசி போடும் படுக்கையறையில், எட்டு வயதைத் தாண்டிய சாதாரண ஏசிக்குக் கம்ப்ரசர் மாற்ற 14,000 கேட்டால், என் தீர்ப்பு புதியதுதான். அதே ஏசி விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறையில் இருந்தால், 400 யூனிட் மிச்சம் என்பது கானல் நீர். அங்கே புது ஏசி வாங்கினாலும் 3 ஸ்டார் போதும். இன்னொரு எச்சரிக்கை: ஸ்டார் அளவுகோலை 2022 ஜூலையிலும் 2026 ஜனவரியிலும் இறுக்கியிருக்கிறார்கள். பழைய சரக்கின் 5 ஸ்டாரும் இன்றைய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. நட்சத்திரத்தை எண்ணுவதைவிட ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டையும் யூனிட்டையும் பாருங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ்தான். வேறு ஆள் திறந்துவிட்டால் வாரண்டியை மறுக்க அதுவே சாக்காகிவிடும். வாரண்டி முடிந்த பிறகு கம்பெனி ஆட்களிடம் எனக்குள்ள குறை, பழுது பார்ப்பதைவிட மாற்றுவதில்தான் அவர்களுக்கு நாட்டம். போர்டு என்றால் போர்டு, மோட்டார் என்றால் மோட்டார், முழுசாக. ஒரிஜினல் பொருள், ரசீது, புகார் செய்ய ஓர் இடம் ஆகியவை அதற்குக் கிடைக்கும் பலன்.

தெரு முனை மெக்கானிக்குக் கூலி குறைவு, கூப்பிட்ட அன்றே வருவார், அடுத்த கோடையிலும் அதே தெருவில்தான் இருப்பார். மறுபடியும் நம் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதே ஒரு வகை உத்தரவாதம். கெபாசிட்டர், மோட்டார், வடிகால், சர்வீஸ் போன்ற குழாய்க்கு வெளியே உள்ள வேலைகளுக்கு அவரே போதும். கேஸ் வேலைக்கு அவரிடம் பம்ப் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

ஆப் வழியாக வருபவர்களின் நன்மை, விலைப்பட்டியல் முன்கூட்டியே தெரிவது. சர்வீஸுக்கு நல்ல வழி. 400 ரூபாய் சர்வீஸுக்கு வந்தவர் போகும்போது கேஸ் குறைவு என்று 3,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போடுவது சாதாரணமாக நடக்கிறது என்பதால், அந்த இடத்தில் மட்டும் "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிடலாம். சர்வீஸுக்கு முன்னால் நன்றாகக் குளிர்ந்த ஏசிக்குச் சர்வீஸ் முடிந்ததும் கேஸ் குறைந்துவிடாது.

யாராக இருந்தாலும் மாற்றிய பழைய பொருளை வீட்டிலேயே விட்டுப்போகச் சொல்லுங்கள். வாரண்டியில் மாற்றினால் கம்பெனி எடுத்துப்போகும், அது வேறு. காசு கொடுத்து மாற்றினால் பழையது உங்களுடையது. தகராறு என்று வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கையில் ரசீது இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

ஏஎம்சி, அதாவது ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம், எடுக்கலாமா? இரண்டு வகை. சர்வீஸும் கூலியும் மட்டும் அடங்கியது ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 வரை. வருஷத்துக்கு இரண்டு சர்வீஸை நீங்களே சொல்லிச் செய்துகொண்டாலும் ஏறக்குறைய அதே செலவுதான், மறதி உள்ளவர்களுக்கு வேண்டுமானால் சரி. கேஸ், கம்ப்ரசர், போர்டு எல்லாம் அடங்கிய முழு ஏஎம்சி 4,000 முதல் 6,000. இன்வெர்ட்டர் ஏசி, வாரண்டி முடிந்து இரண்டு மூன்று வருஷம், கடலோர வீடு என்றால் யோசிக்கத்தக்கது. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் விலக்குப் பட்டியலில் காயில் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடலோர வீட்டுக்கு அந்த ஏஎம்சியால் பெரிய பயன் இல்லை.

கடைசியாக, புதியது என்று முடிவாகிவிட்டால் பழையதை என்ன செய்வது? கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் தொகையைக் காயலான் கடையில் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். செப்பு விலை ஏறியிருக்கும் நாளில் செப்புக் காயில் உள்ள பழைய ஒன்றரை டன் ஏசிக்கு 4,000, 5,000 கொடுப்பவர்களும் உண்டு. அலுமினியக் காயில் என்றால் அவ்வளவு வராது. கழற்றும்போது வால்வை மூடி கேஸை அவுட்டோருக்குள் இழுத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள், குழாயை வெட்டி அப்படியே வெளியே விடுவது வேண்டாம். கேஸ் முழுதாக இருக்கும் ஏசிக்கு எக்ஸ்சேஞ்சில் இன்னும் ஐந்நூறு கேட்டும் பார்க்கலாம்.